திருமுறைப் பண்களும் பல்கலைக் கழக இசையாராய்ச்சியும்

சைவத் திருமுறைகள் ஏட்டிற் கண்டு பொருளுணரும் அளவில் அமைவன அல்ல. அவை பாடப்படுதற்கென்றே அருளிச் செய்யப்பெற்றவை. ஆளுடைய பிள்ளையார் திருக்கையில் தாளம் ஏந்தியதும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவர் திருப்பதிகங்களை யாழிலிட்டு உடன்சென்றதும், தேவாரத் திருப்பதிகங்கள் பெரும்பாலும் பண்முறையிலே வகுக்கப்பெற்று வழங்குவதும் இவ்வுண்மைக்குச் சான்றாவன. ஆகவே, பதிகத்தின் சொல் பிழையாது காக்கப்பெறல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அதன் பண் காக்கப்பெறலும் என்க. சொல்லை ஏடு காக்கும். பண்ணைக் காப்பது யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவதே தமிழிசையாராய்ச்சியின் தலையாய பணி. பல்கலைக் கழகங்களின் இசைத் துறைகள் இப்பணியை எத்துணைக் கூறாகப் பகுத்துக்கொண்டன என்பதும், அக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வாறு வேண்டி நிற்கின்றன என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதல் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் இசையாராய்ச்சி மேனாட்டுக் கல்வி வந்த பின்னரே தோன்றிற்று என்பார் உளர். அது பொருந்தாது. திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாற்றை உற்றுநோக்கின், அஃது ஓர் ஆராய்ச்சியின் வரலாறாகவே காணப்படும். சோழ மன்னன் வேண்டுகோட்கிணங்கி நம்பியாண்டார் நம்பிகள் தில்லைத் திருக்கோயிலிற் புற்றால் மூடப்பட்டுக் கிடந்த ஏடுகளை வெளிப்படுத்தினார். செல்லரித்தவை போக எஞ்சியவை தொகுக்கப்பெற்றன. சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. மன்னனும் நம்பிகளும் அவ்வளவில் அமைதியடையாது பண்முறை விளங்கவேண்டும் என இறைவனை வேண்ட, யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்ணொருத்தி திருஎருக்கத்தம்புலியூரில் இருத்தலைத் திருவருள் உணர்த்திற்று. விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரபட்டினம் என இக்காலத்து வழங்கும் ஊரே அது. அவ்வம்மையாரைத் தில்லைக்கு அழைத்து, அவர் வாயிலாகப் பண்கள் வகுக்கப்பெற்றன என்பது புராணம்.

இவ்வரலாற்றில் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஏடு தேடியவர் பேரறிஞர். பொருள் வழங்கியவன் பேரரசன். எனினும் இவ்விருவராலும் பண்ணை மீட்டல் கூடவில்லை. வாழையடி வாழையாகப் பாடி வந்த ஒரு குடியின் குரலே அதனை மீட்டது. நூற்சான்றும் மரபுச்சான்றும் கூடிய வழியே பண் விளங்கும் என்பது அன்றே நிறுவப்பெற்ற முடிபாம்.

கல்லிற் கண்ட சான்றுகள்

ஏட்டுக்கும் குரலுக்கும் நடுவே மூன்றாவது சான்றாக நிற்பன கல்வெட்டுக்கள். பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டுத் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. ஆகவே கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கோயில்களிற் பதிகம் பாடுதற்கு நிவந்தம் இருந்தமை தெளிவு. அதன்பின் தஞ்சை இராசராசேச்சுரத்தில் முதலாம் இராசராசன் செய்த ஏற்பாடு யாவரும் அறிந்தது. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யும் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரும் ஆக 50 பேர் அங்கே அமர்த்தப்பெற்றனர். ஒவ்வொருவருக்கும் நாடோறும் முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. அவர்தம் பெயர்களும் தீக்கைப் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பெற்றன. ஒருவர் நீங்கின் அவ்விடத்தை நிரப்பும் முறையும் வகுக்கப்பெற்றது. பண் அழியாதிருத்தற்குப் பாடுவாரின் வயிறும் வழியும் காக்கப்படவேண்டும் என்பதை அவ்வேந்தன் உணர்ந்திருந்தான்.

இனி, இசையிலக்கணத்தையே கல்லிற் பொறித்த அருஞ்செயலும் தமிழகத்துக்கு உரியது. புதுக்கோட்டையைச் சார்ந்த குடுமியான்மலையில், சிகாநாதர் திருக்கோயிலை ஒட்டிய பாறையில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் வெட்டப்பெற்றுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரம மாகேசுவரனும் ஆகிய ஓர் அரசன் மாணாக்கர் நன்மைக்காக இவற்றைச் செய்வித்தான் என்பது அக்கல்வெட்டின் முடிவுரை. கி. பி. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியதெனக் கருதப்படும் இக்கல்வெட்டு, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருப்பதிகம் அருளிய காலத்தை அணுகியது. கொங்கு நாட்டு அறச்சலூரில் அதனினும் பழைய தமிழ்ப் பிராமி எழுத்துக்களில் தாளச் சொற்கட்டு அடுக்கி வரையப்பெற்றிருத்தலும், அவ்வாறு எழுத்துக்களைப் புணர்த்தவன் பெயர் குறிக்கப்பெற்றிருத்தலும் கண்டறியப்பட்டன. இவையெல்லாம் இசைத் துறையில் கல்வெட்டாராய்ச்சி என்னும் ஒரு தனிக்கூறு வேண்டப்படுதலைக் காட்டும்.

மேனாட்டார் வகுத்த பிரிவு

மேலைநாடுகளில் இசையாராய்ச்சி பல்கலைக் கழகத் துறையாக உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாம். 1885ஆம் ஆண்டில் கைடோ ஆட்லர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இசையாராய்ச்சியை வரலாற்றுப் பகுதி, முறையியற் பகுதி என இருகூறாகப் பிரித்து அதன் எல்லைகளை வரையறுத்தார். இசை கடந்து வந்த வழியை ஆராய்வது முன்னது; ஒலி, சுருதி, தாளம், சுவை முதலியவற்றின் இயல்பை ஆராய்வது பின்னது. அவ்வாண்டிலேயே ஆங்கில அறிஞர் அலெக்சாந்தர் எல்லிஸ், பல நாட்டுச் சுரநிரல்களை ஒப்பிடுதற்கு ஓர் அளவு கண்டார். ஒரு தாயியை, அதாவது சட்சம் முதல் மேற்சட்சம் வரையுள்ள இடைவெளியை, 1200 நுண்பகுதியாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் சென்ட் எனப் பெயரிட்டார். எந்நாட்டு இசையும் தாழ்ந்ததன்று, ஒவ்வொன்றும் தனக்குரிய ஒழுங்குடையது என்னும் நடுவுநிலை இவ்வளவையால் வலிபெற்றது.

இவ்வளவை தமிழிசை வழக்கொன்றையும் விளக்கும். தாயிக்குச் சுருதி 22 என்பது வடநூல் வழக்கு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அதனை மறுத்துச் சமமான 24 சுருதிகளே தமிழ் மரபு என நிறுவ முயன்றார். 24 ஆகச் சமன்செய்யின் ஒரு சுருதி 50 சென்ட் ஆகும். 22 ஆகச் சமன்செய்யின் அஃது ஏறத்தாழ 54½ சென்ட் ஆகும். ஆயின் 22 என்பார் பலர் அச்சுருதிகளைச் சமமாகக் கொள்வதில்லை. இத்துணை நுண்ணிய வேற்றுமையைச் செவியுணர்வு ஒன்றானே எல்லாரும் ஒப்ப முடிவுசெய்தல் அரிது. அளவும் கணக்கும் துணைபுரிய வேண்டும்.

தமிழகத்தில் தோன்றிய துறைகள்

பண்டிதர் (1859–1919) தொழிலால் மருத்துவர், சமயத்தாற் கிறித்தவர். எனினும் 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் பொருளாற் கூட்டி, 1916இற் பரோடாவில் நிகழ்ந்த இசைப் பேரவையில் தம் கொள்கையை எடுத்துரைத்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்து இசைக்குறிப்புக்களை ஆராய்ச்சியின் நடுவிடத்தில் நிறுத்தியது அந்நூலின் சிறப்பு. அவர்தம் முடிபுகளை ஏலாதாரும் அவர் எழுப்பிய வினாக்களை ஒதுக்குதல் இயலாதாயிற்று.

1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தில்லையில் தோன்றிற்று. அவ்வாண்டிலே அண்ணாமலை அரசர் இசைக் கல்லூரி ஒன்றையும் நிறுவினார். அது பின்னர்ப் பல்கலைக் கழகத்தின் ஓர் உறுப்பாயிற்று. சென்னைப் பல்கலைக் கழகத்தின் இசைத் துறை 1932இல் அமைந்தது; அதனைப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி நெடுங்காலம் நடத்தி, தென்னாட்டிசையின் வரலாறும் இலக்கணமும் பாடநூல்களாக வெளிவரச் செய்தார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அச்சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தலாயிற்று. ஆண்டுதோறும் புலவரும் இசைவாணரும் ஓதுவாரும் ஓரவையிற் கூடி, ஒவ்வொரு பண்ணாக எடுத்து, பாடிக் காட்டி, வினாவி, முடிபு காண முயன்றனர். ஏடு கிடந்த தில்லையிலேயே இசைக் கல்லூரி எழுந்ததும், அதனோடொட்டிப் பண்ணாராய்ச்சி தழைத்ததும் சைவர் உள்ளத்துக்கு உவகை தருவனவாம்.

யாழ்நூலும் பாலை வழக்கும்

ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர். கணிதமும் அறிவியலும் தமிழும் ஒருங்கு வல்ல அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் தம் ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கொண்டு யாழ்நூல் இயற்றினார். அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 1947 சூன் திங்களில் அரங்கேறிற்று. அடுத்த திங்களிலேயே அடிகள் இறைவன் திருவடி அடைந்தார். பாயிரவியல் முதலாக ஒழிபியல் ஈறாக அமைந்த அந்நூலில் தேவாரவியல் ஒரு தனி இயலாக நிற்றல் கருதத்தக்கது. பழைய யாழை ஆராய்ந்த கணக்கும் திருப்பதிகப் பண்ணிலே சென்று முடிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

செம்பாலை என்பது யாது என்பதில் பண்டிதரும் அடிகளும் வேறுபட்டனர். பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். அடிகள் அரிகாம்போதி என்றார். ஒரு பெயர் பற்றிய வழக்குத்தானே என்று இதனைத் தள்ளுதல் கூடாது. செம்பாலையின் நரம்புகளுள் ஒவ்வொன்றையும் முறையே குரலாகக் கொள்ள ஏனைப் பாலைகள் பிறக்கும். அரிகாம்போதியைத் தொடக்கமாக வைப்பின், படுமலைப்பாலை நடபைரவியாகவும், அரும்பாலை சங்கராபரணமாகவும், கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும், விளரிப்பாலை தோடியாகவும், மேற்செம்பாலை கலியாணியாகவும் வரும். செவ்வழிப்பாலை பஞ்சமம் நில்லாத ஒரு நிரலாகும். சங்கராபரணத்தைத் தொடக்கமாக வைத்து அம்முறையே திரிப்பின், அரும்பாலை கலியாணியாய்விடும். அடியில் ஒரு கல் பெயரின் மாளிகை முழுதும் பெயர்வது போல்வது இது. அடிகள் கொண்ட அரிகாம்போதி முடிபையே பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் தழுவினர்.

நூலும் குரலும் மாறுபடும் இடம்

இனி, அருமையான இடம் வருகின்றது. ஓதுவார் மரபில் தேவாரப் பண்களைப் பகற்பண் 10, இராப்பண் 8, பொதுப்பண் 3 என 21 ஆகக் கொள்ளும் வழக்குண்டு. அவற்றுக்கு இக்காலத்து இராகப் பெயர்களும் வழங்குகின்றன. நட்டபாடை நாட்டை எனவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி எனவும், புறநீர்மை பூபாளம் எனவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணம் எனவும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளை எனவும் பாடப்பெறும். இவற்றில் இடர்ப்பாடு தோன்றாது. ஆயின் தக்கராகமும் தக்கேசியும் இரண்டும் காம்போதியாகப் பாடப்பெறும். கொல்லி, காந்தாரம், பியந்தைக்காந்தாரம் ஆகிய மூன்றும் நவரோசு என்னும் ஓரிராகத்தில் அடங்கும். வெவ்வேறு பெயரிட்டு வெவ்வேறு கட்டளையாக முன்னோர் வகுத்தவை ஒன்றேயாயிருத்தல் பொருந்துமா? நவரோசு என்பதோ பாரசீக மொழிப் பெயர். திருப்பதிகங்கள் தோன்றிய பின்னரே தமிழகத்துக்கு வந்திருத்தல் வேண்டும். செவ்வழி என்னும் பண் யதுகுலகாம்போதியிற் பாடப்பெறுகின்றது. நூன்முறையிற் பிறக்கும் செவ்வழிப்பாலையோ மேற்காட்டியவாறு வேறொன்றாக உள்ளது.

இவ்விடத்து இருதிறத்தார் இருவேறு வழியிற் செல்வர். ஓதுவார் பாடுவது பிழை, நூல் கூறுவதே மெய் என்று ஒருசாரார் துணிவர். ஆராய்ச்சி யாவும் வீண், கேட்டுவந்தபடியே பாடுதல் போதும் என்று மற்றொருசாரார் மொழிவர். இரண்டும் முற்ற முடிபல்ல. பெயர் புதிதாயினும் மெட்டுப் பழையதாயிருத்தல் கூடும். பல பண்கள் காலப்போக்கில் நெருங்கி ஒன்றாய்விட்டிருப்பினும், ஓதுவார் ஒவ்வொரு பதிகத்துக்கும் காட்டும் எடுப்பு, நடை, முடிப்பு ஆகியவற்றில் பழைய வேறுபாட்டின் சுவடு ஒட்டிநிற்கக்கூடும். இராகப் பெயரை மட்டும் பட்டியலிற் குறித்துக்கொண்டு அகலும் ஆராய்ச்சியாளர் அச்சுவட்டைக் காணார். நூலை மதியாத பாடகரோ தம் குரலிற் கிடக்கும் செல்வத்தின் பழமையை அறியார். ஓதுவார் தீர்ப்புக் கூறுவாரும் அல்லர், திருத்தப்படுவாரும் அல்லர். அவர் சான்று கூறுவார். சான்றைக் கேளாது தீர்ப்பளித்தல் முறையன்று. சான்று ஒன்றனையே தீர்ப்பெனக் கொள்ளுதலும் முறையன்று.

காரைக்காற் பக்கத்துத் திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறும் யாழ்முரி வரலாறும் இதற்குத் துணையாகும். பிள்ளையார் அருளிய திருப்பதிகம் யாழில் அடங்காமை கண்டு யாழ்ப்பாணர் தம் யாழை முரிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்தருளி, அதனிற் கூடிய அளவு இசைக்குமாறு பணித்தார். கருவிக்கு எட்டாத இசை குரலுக்கு உண்டு. எனினும் அதுபற்றிக் கருவியை எறிந்துவிடலாகாது. அளவுகோல் கொண்டு ஆராய்வார் தம் எல்லையையும், பாடுவார் கருவியின் பயனையும் இதனால் உணர்வாராக.

மரபும் துறையும் கூடிய வழி

இவ்விரண்டும் கூடிய எடுத்துக்காட்டுக்கள் உண்டு. திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் குடியிற் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் (1908–1972) அண்ணாமலைப் பல்கலைக் கழக இசைத் துறைக்குத் தலைவராயினார். அக்கல்லூரியிற் பயின்ற எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து, அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில் அதன்பொருட்டு முனைவர் பட்டம் பெற்றார். அவர் நூலாராய்ச்சியோடு பாடிக் காட்டும் வன்மையும் உடையவர். தருமபுர ஆதீனத்திற் பயின்ற ப. சுவாமிநாதன் திருப்பதிகங்களைப் பெருந்தொகையாக ஒலிப்பதிவுக்குப் பாடி வைத்தார். யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் அந்நகர்ப் பல்கலைக் கழகத்தோடு சேர்ந்தது. 1973இற் கொங்கு நாட்டுத் தெய்வசிகாமணிக் கவுண்டர் பஞ்சமரபு என்னும் பழைய இசைநூலை வெளியிட்டார். மறைந்ததெனக் கருதப்பெற்ற நூலொன்று பல்கலைக் கழகத்துக்குப் புறத்தே ஓர் ஊரகத்து அன்பரின் முயற்சியால் வெளிவந்தமை போற்றத்தக்கது. வீ. ப. கா. சுந்தரம் தொகுத்த தமிழிசைக் கலைக்களஞ்சியம் பாரதிதாசன் பல்கலைக் கழக வெளியீடாக வந்து கலைச்சொற்களை ஒழுங்குபடுத்திற்று.

ஊரகத்து இசை

பல்கலைக் கழகம் இன்னும் மிகுதியாகச் செல்லவேண்டிய துறை ஒன்று உண்டு. அது களத்திற் சென்று ஆராய்தல். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தைச் சார்ந்த ஏரியூரை எடுத்துக்கொள்க. அம்மாவட்டத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலம் ஒன்றும் இல்லை. கொங்கேழ் தலங்களுள் ஒன்றாகிய திருநணா, இக்காலத்துப் பவானி, காவிரிவழியே தெற்கே நெடுந்தொலைவிற் கிடக்கின்றது. ஆகவே இத்தகைய ஊர்களில் ஆராய்தற்குரிய இசை யாதும் இல்லையென இசைத்துறையார் எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் தவறு. சேலம், தருமபுரி வட்டாரங்களில் தெருக்கூத்து இன்றும் இராமுழுதும் நடைபெறும் வழக்குண்டு. அதன் பாட்டும், தாளக்கட்டும், மத்தளமும் முகவீணையும் சேர்ந்தொலிக்கும் முறையும் தனியே ஆராயத்தக்கவை. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையை மட்டும் பாடவில்லை. வேட்டுவ வரியும், ஆய்ச்சியர் குரவையும், குன்றக் குரவையும் பாடினார். பாலை திரியும் முறையை அவர் வெளிப்படுத்தியதோ ஆய்ச்சியர் குரவையில். இடைச்சேரி மகளிரை ஏழு நரம்பாக நிறுத்தியே அதனைக் காட்டினார். அரசவை இசைக்கும் ஊரகத்து இசைக்கும் இலக்கணம் ஒன்றே என்பது அவர்தம் கோட்பாடு. அறச்சலூர்ப் பாறையிற் பொறித்த சொற்கட்டுக்கும் ஊர்க்கூத்தின் அடவுச் சொல்லுக்கும் உறவுண்டோ என ஆராயப் புகுவார் ஏரியூர் போன்ற ஊர்களுக்கே செல்லல் வேண்டும்.

இதனாற் பெறும் பயன் ஒருவழிப்பட்டதன்று. ஏரியூர்ச் சிறுவன் ஒருவன் திருப்பதிகம் ஒன்றனைப் பண்ணோடு கற்க விரும்பின், அவனுக்குக் கற்பிப்பார் யார்? இராசராசன் ஒரு கோயிலுக்கு 48 பிடாரரை வைத்தான். இன்று திருப்பதிகம் பண்ணோடு கேட்கப்பெறாத சிவாலயங்கள் மிகப் பல. ஆராய்ச்சி நூல்கள் நூலகங்களில் அடுக்கப்பட்டு, ஊர்க்கோயிலில் பதிகவொலி அவியுமாயின், தில்லை அறையிற் புற்று மூடிய பழைய நிலை மீண்டும் எய்தியதாகவே முடியும். அன்று மூடியது கறையான் புற்று. இன்று மூடுவது புறக்கணிப்பு. அன்றேனும் எருக்கத்தம்புலியூரில் ஒரு குரல் எஞ்சியிருந்தது. குரலும் அற்றபின் எவ்வளவு நுண்ணிய கணக்கும் பண்ணை மீட்கமாட்டாது.

செய்யத்தக்கன

ஆதலின் இசைத் துறைகள் மேற்கொள்ளத்தக்கன சில உள. ஓதுவார் ஒவ்வொருவர் பாடலையும், ஒரே பதிகத்தைப் பல ஊரினர் பாடும் வேறுபாட்டோடு ஒலிப்பதிவு செய்து, யாரிடம் கற்றார் என்னும் குருமரபும் உடன் குறித்தல் ஒன்று. ஓரிராகமாக ஒடுங்கிய பண்களின் பதிகங்களை அடுத்தடுத்து வைத்துச் சுர அளவாலும் நடையாலும் ஒப்பிடுதல் ஒன்று. கல்வெட்டில் வரும் இசைநிவந்தங்களைக் கால முறையில் தொகுத்தல் ஒன்று. கூத்தும் ஊர்ப்பாட்டும் களத்திலே சென்று கேட்டு எழுதுதல் ஒன்று. இவற்றின் பயனை மீளவும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொண்டுசேர்த்தல் மற்றொன்று. பிற யாவற்றினும் தலைசிறந்தது இதுவே. ஆதீனங்கள் ஓதுவார் பயிற்சியைக் காத்துவந்த பேருதவி மறக்கற்பாலதன்று. அவற்றோடு பல்கலைக் கழகங்கள் கைகோத்து, பயின்று வெளிவரும் இளைஞர்க்கு வாழ்வூதியமும் மதிப்பும் உளவாமாறு செய்யின், முக்குறுணி நெல் அளந்த சோழன் அறம் இக்காலத்துக்கேற்ற உருவிற் புதுக்கப்பட்டதாகும்.

ஏழிசையாயும் இசைப்பயனாயும் விளங்கும் பெருமான், ஆராய்வார் அறிவிலும் பாடுவார் நாவிலும் ஒருங்கு நின்று, திருநெறிய தமிழின் பண்ணை யாண்டும் ஒலிப்பித்தருள்வானாக.